கட்டை தொலைந்த காக்கசஸ் துப்பாக்கி: மிச்சமிருக்கும் இரும்பைப் படித்து மரத்தை மீட்பது

கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடையிலுள்ள காக்கசஸ் மலைநாட்டின் பழைய துப்பாக்கிகள், வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் வகை, சேகரிப்பாளர் கைக்கு அடிக்கடி இப்படித்தான் வந்து சேரும்: நீளமான எண்பட்டைக் குழல் ஒன்று, அதிலிருந்து கழன்ற சக்கிமுக்கிப் பூட்டு ஒன்று, குழலையும் கட்டையையும் சேர்த்துக் கட்டும் வெள்ளிப் பட்டைகள் ஒன்றிரண்டு, ஒரு உறையில் நாலைந்து திருகாணிகள். மரக்கட்டை இருக்காது. புழு தின்றிருக்கும், அல்லது பூட்டருகே முறிந்து தூக்கி எறியப்பட்டிருக்கும். வெள்ளிக்காகக் கழற்றியவர் மரத்தை அடுப்பில் வைத்ததும் உண்டு.

அப்படி வந்த ஒன்றைச் சோதித்து, காப்பாற்றி, கட்டையை மறுபடி செய்து முடிப்பது வரையான வேலையை இங்கே பார்க்கிறோம். கணக்கு புரிவதற்காக ஒரு மாதிரி அளவை வைத்துக்கொள்வோம்: குழல் 95 செ.மீ., வாய் விட்டம் 14 மி.மீ., மூன்று பட்டைகளில் இரண்டு கிடைத்திருக்கின்றன. இந்த வகை பெரும்பாலும் முழு நீளத்தில் 120 முதல் 135 செ.மீ. வரை இருக்கும். வாய் 12 முதல் 16 மி.மீ. எடையில் இவை ஐரோப்பியப் படைத் துப்பாக்கிகளைவிட நன்றாகவே குறைவு.

இந்த வேலையில் தோற்பவர்கள் ஒரே இடத்தில்தான் தோற்கிறார்கள். புத்தகப் படத்தையோ பிரெஞ்சு மஸ்கெட்டையோ மனதில் வைத்துக்கொண்டு மரத்தைச் செதுக்குகிறார்கள், கிடைப்பது உலக்கை. காணாமல்போன கட்டையின் அளவுகள் கையில் இருக்கும் இரும்பிலேயே பதிந்திருக்கின்றன. உளியை எடுப்பதற்கு முன்னால் அவற்றைப் படித்துவிட வேண்டும்.

முதலில், உள்ளே மருந்து இருக்கிறதா

மலைவீட்டில் துப்பாக்கியைக் கெட்டித்து வைத்தபடியே சுவரில் மாட்டுவார்கள். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறாண்டு கழித்தும் பற்றும். ஆகவே வேறு எதையும் தொடுவதற்கு முன் குழலைச் சோதிக்க வேண்டும்.

9 அல்லது 10 மி.மீ. கனமுள்ள மரக்குச்சியை வாய்வழியாக மெதுவாக விடுங்கள். இரும்புக் கம்பி ஆகாது. குச்சி நின்றதும் வாய் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டு, குச்சியை வெளியே எடுத்துக் குழலின் பக்கத்தில் அதே கோட்டை வாய்க்கு நேராக வைத்துப் பிடியுங்கள். குச்சியின் நுனி பற்றுவாயை, அதாவது தீ உள்ளே போகும் பக்கத் துளையை, எட்ட வேண்டும், அல்லது சற்றுத் தாண்ட வேண்டும். 3 முதல் 5 செ.மீ. குறைந்தால் உள்ளே மருந்தும் குண்டும் இருக்கின்றன என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 14 மி.மீ. குண்டும் அதன் பின்னால் ஒரு வேட்டுக்கான மருந்தும் அந்த அளவு இடத்தைத்தான் அடைக்கும். ஒரு செ.மீ. குறைந்தால் துருவோ குளவிக் கூடோ இருக்கலாம். ஆனாலும் ‘இருக்கலாம்’ என்பதை நம்பி வேலை தொடங்கக் கூடாது.

சந்தேகம் வந்தால் குழல் வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பற்றுவாய் வழியாகவும் வாய் வழியாகவும் தண்ணீர் ஊற்றிப் பல நாள் ஊறவிட்டு, பிறகு அனுபவமுள்ள துப்பாக்கித் தச்சரிடம் கொடுப்பதே வழி. குழலின் பின்முனையை அடைக்கும் பின்மூடியை சூடு காட்டிக் கழற்றப் பார்ப்பது, டிரில் போடுவது, கம்பியால் இடிப்பது மூன்றும் உயிருக்கு உலை வைக்கும் வேலை. மருந்து இல்லை என்று தெரிந்த பிறகும் பின்மூடியைக் கழற்றாமல் விடுவதே நல்லது. அதன் மரை கையால் வெட்டியது, துருவோடு ஒட்டி ஒரே இரும்பாகியிருக்கும். முறுக்கினால் பட்டை முகங்கள் நசுங்கும், வெள்ளிப் பதிப்பு உதிரும்.

எது காக்கசஸ், எது உதுமானியம்

பூட்டை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது. மத்தியதரைக் கடலோரத்தில் பிறந்த ‘மிகலெட்’ என்ற சக்கிமுக்கிப் பூட்டு வகை உதுமானியப் பேரரசு முழுவதும் பரவி காக்கசஸையும் அடைந்தது. குழலும் அப்படியே. துருக்கியிலும் கிரிமியாவிலும் அடித்த குழல்களை மலைநாட்டார் விரும்பி வாங்கினார்கள், உள்ளூரிலும் அடித்தார்கள். ‘ஹாஜி முஸ்தஃபா’ என்ற முத்திரை பல குழல்களில் தென்படும். பெயர்பெற்ற முத்திரையைப் போலி செய்வது அன்றும் உண்டு என்பதால் முத்திரை ஒன்றையே சாட்சியாக வைத்துக்கொள்ளக் கூடாது.

வேறுபாடு தெரிவது கட்டையில். ‘துஃபெக்’ எனப்படும் உதுமானிய நீளத் துப்பாக்கியின் அடிக்கட்டை தடித்தது, ஐந்து முகம் கொண்டது, எலும்பும் பித்தளையும் பதித்துக் கனத்தது. காக்கசஸ் கட்டையோ ஒல்லி. பூட்டுக்குப் பின்னால் கையளவுக்குச் சுருங்கி, அடிவரை மெலிந்தே போகும். முனையில் தந்தம், எலும்பு அல்லது கொம்பில் ஒரு முகப்பு. இரண்டிலும் விசைக்குக் காப்பு வளையம் கிடையாது. விசை என்பது கீழே தொங்கும் ஒரு சின்னக் குண்டுமணிதான். அந்த மணி விசை எவ்வளவு பிடித்துப்போனது என்றால், ரஷ்யப் படை 1870களில் தன் கொசாக் குதிரைவீரர்களுக்குக் கொடுத்த 10.67 மி.மீ. பெர்தான் துப்பாக்கியிலும், அது தோட்டா போடும் நவீன ஆயுதமாக இருந்தும், காப்பு வளையம் இல்லாத மணி விசையையே வைத்தார்கள்.

சந்தையில் எல்லாவற்றுக்கும் வடமேற்குக் காக்கசஸ் மக்களின் பெயரான ‘சர்க்காசியன்’ என்றே சீட்டு ஒட்டுவார்கள். வடகிழக்கிலுள்ள தாகெஸ்தானின் வேலை தனி. அங்கே அமுஸ்கி ஊர் வாள் அலகுக்கும், கார்புக் துப்பாக்கிக்கும், குபச்சி வெள்ளி வேலைக்கும் பேர்போனவை; ஒரே ஆயுதம் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர் கை பட்டு முடிந்தது. குபச்சி வேலைக்காரர்கள் பூக்கொடிக் கோலத்துக்கு இரண்டு முக்கியப் பெயர் வைத்திருக்கிறார்கள்: நடுக்கோட்டுக்கு இருபுறமும் சமமாகக் கிளை விடுவது ‘துத்தா’, கட்டுப்பாடின்றி புதராகப் படர்வது ‘மர்ஹராய்’. பட்டையில் இருக்கும் கோலத்தை இந்த இரண்டில் ஒன்றாக அடையாளம் காண முடிந்தால், தொலைந்த மூன்றாவது பட்டைக்கு என்ன வரைவது என்ற கேள்வி பாதி தீர்ந்தது.

தேதி ஹிஜ்ரியில் இருக்கும். ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் கிட்டத்தட்ட கி.பி. வரும்: 1260 என்றிருந்தால் 1844. வெள்ளியில் 84 என்ற முத்திரை இருந்தால் அது ஆண்டல்ல, ரஷ்ய ஸொலோத்னிக் அளவு. 96க்கு 84, அதாவது ஆயிரத்துக்கு 875 தூய்மை. அதை 1884 என்று படித்தவர்களும் இருக்கிறார்கள்.

குழலின் மேலே அலைபோன்ற கோடு தெரிந்தால் நம்மவர்கள் உடனே மூசையில் உருக்கிய நம் ஊர் உருக்கை (வூட்ஸ்) நினைத்துக்கொள்வார்கள். இந்தக் குழல்களில் காண்பது பெரும்பாலும் அது இல்லை. மூசையில் உருக்கி எடுத்த உருக்கின் கோலம் உலோகம் உறையும்போதே பிறப்பது; குழலில் இருப்பது இரும்பும் உருக்கும் கலந்த பட்டையை முறுக்கிச் சுற்றி அடித்து ஒட்டியதால் வந்த கோலம். கோடுகள் சாய்வாகக் குழலைச் சுற்றி ஓடுவதே இதற்கு அடையாளம்.

பூட்டு வெளியே இருப்பதால்தான் கட்டை ஒல்லி

பிரெஞ்சு வகைப் பூட்டில் பெரிய ஸ்பிரிங் தகட்டின் உட்பக்கம் உட்கார்ந்திருக்கும். அதற்காக மரத்தைக் குடைய வேண்டும், குடைந்தபின் முறியாமல் நிற்க மரம் தடிமனாக வேண்டும். மிகலெட் பூட்டில் அந்த ஸ்பிரிங் வெளியே, கண்ணெதிரே இருக்கிறது. கல்லைக் கவ்விய குதிரையின் அடிக்காலை அது நேரடியாகத் தள்ளும். தகட்டைக் குறுக்காகத் துளைத்து வெளியே நீளும் தடுப்பு நாக்குகள் குதிரையை அரைநிலையிலும் முழுநிலையிலும் பிடிக்கும். தகட்டின் உட்பக்கம் அந்த நாக்குகளின் வாலும் அவற்றைத் தள்ளும் சின்ன ஸ்பிரிங்கும் மட்டுமே. மரத்தில் சில மி.மீ. ஆழத்துக்கு ஒரு பள்ளம் போதும்.

இதைப் புரிந்துகொள்ளாமல் பூட்டுக்கு ஐரோப்பியக் கணக்கில் குழி தோண்டினால் இரண்டு கேடு. மெல்லிய கட்டை பூட்டருகே பலம் இழக்கும். நாக்கின் வால் காற்றில் நின்று, விசை நெம்பு அதை எட்டாமல் போகும்.

பூட்டைக் கழற்றும் முன் ஸ்பிரிங்கை ஸ்பிரிங் வைஸால் பிடித்து அழுத்தி எடுங்கள். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் ஸ்பிரிங் முதலில் தாவும், அடுத்து உடையும். திருகாணி ஒவ்வொன்றுக்கும் அதன் துளைக்கும் ஒரே எண் எழுதிய சீட்டுக் கட்டுங்கள். கையால் வெட்டிய மரை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. மாறிப் போட்ட திருகாணி பாதியில் இறுகியதும் ‘புதிதாக மரை போட்டு இன்றைய 4 மி.மீ. அளவான எம்4 ஆக்கிவிடலாம்’ என்று தோன்றும். அந்த நிமிடம் மேசையை விட்டு எழுந்துவிட வேண்டும்.

ஸ்பிரிங் உடைந்திருந்தால் வளைவில்தான் உடைந்திருக்கும். புதிதாகச் செய்ய 0.75 சதவீதம் கரி உள்ள உருக்கு ஏற்றது. லாரியின் ஸ்பிரிங் பட்டையிலிருந்தும் வெட்டலாம். ஆனால் ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும். வளைவின் உட்பக்கம் கூர்மடிப்பு விழாமல் சின்ன உருண்டையாக வளைக்க வேண்டும். அரத்தின் தடங்கள் குறுக்காக ஒன்றுகூட மிஞ்சாமல் நீளவாக்கில் தேய்த்து மெருகேற்ற வேண்டும், ஏனென்றால் குறுக்குக் கீறல் ஒவ்வொன்றும் வெடிப்பின் தொடக்கம். சுமார் 800 டிகிரி செல்சியஸில், காந்தம் ஒட்டாத நிலையைச் சற்றுத் தாண்டி, எண்ணெயில் தோய்ச்சல். பிறகு சுமார் 400 டிகிரியில் பதம் இறக்குதல். பதம் போதாவிட்டால் முதல் இழுப்பிலேயே ஒடியும், மிஞ்சினால் வளைந்தபடியே நின்றுவிடும். இரண்டாவது தவறுக்கு மறுதோய்ச்சல் உண்டு, முதலாவதுக்குக் கிடையாது.

கல் தட்டும் பொறித்தகட்டின் முகம் பல காக்கசஸ் பூட்டுகளில் தனியாகச் சொருகிய வரிப்பள்ளத் தகடாக இருக்கும். தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம் என்பது பழைய கம்மாளனின் யோசனை. பொறி வரவில்லை என்றால் முதலில் புதிய நைஸ் அரத்தை அந்த முகத்தில் இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்கினால் உருக்கு நல்லது, கோளாறு கல்லில். அரம் கடித்தால் முகம் மெத்தென்றாகிவிட்டது. மாற்றுத் தகடு செய்து எண்ணெயில் தோய்த்து 190 முதல் 200 டிகிரி வரை, வைக்கோல் நிறம் வரும்வரை மட்டும், பதம் இறக்க வேண்டும். கல்லின் விளிம்பு முகத்தின் மேல் மூன்றில் ஒரு பாகத்தில் பட்டுக் கீழ்நோக்கிச் சுரண்டி வர வேண்டும். வரிப்பள்ளம் பொறிக்கு நல்லது, கல்லுக்குக் கெட்டது. வழவழப்பான முகத்தைவிடக் கல் சீக்கிரம் மழுங்கும். தோல் துண்டு மடித்து வைத்துக் கல்லைக் கவ்வுங்கள். கல் இல்லாமல் வெறும் குதிரையைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் பழைய பூட்டுக்கு ஆகாது.

இரும்பு சொல்லும் நான்கு அளவுகள்

குழலை முதலில் சுத்தம் செய்துவிடக் கூடாது. துருவே ஆவணம். சாய்வாக விளக்கொளி அடித்துப் பார்த்தால் குழலின் பக்கவாட்டில் நீளமாக ஒரு கோடு தெரியும்: கோட்டுக்குக் கீழே மரத்துக்குள் புதைந்திருந்த பகுதி ஒரு நிறம், மேலே காற்றுப்பட்ட பகுதி வேறு நிறம். அந்தக் கோடுதான் மரவிளிம்பின் உயரம். பின்முனையிலிருந்து 10 செ.மீ.க்கு ஒருமுறை அந்த உயரத்தை அளந்து எழுதுங்கள். முன்னால் போகப்போக மரம் தாழ்கிறதா, சமமாக ஓடுகிறதா என்பது இதில் வெளிவரும்.

குழலின் மேல்முகத்தில் குறுக்காகத் தெரியும் வெளிர்ப் பட்டைகள் வெள்ளிப் பட்டை இருந்த இடங்கள். காணாமல்போன மூன்றாவதின் இடமும் அகலமும் இப்படிக் கிடைக்கும்.

அடுத்தது கிடைத்த பட்டைகளின் உள்வடிவம். பட்டை குழலையும் மரத்தையும் சேர்த்துச் சுற்றியது. அதன் உள்ளோரத்தைத் தாளில் வரைந்து, அதே இடத்தில் குழலின் குறுக்குவெட்டையும், மருந்தை இடித்து இறுக்கும் கெஜக்கோல் ஓடும் துளையையும் கழித்தால் மிஞ்சுவதுதான் அங்கே மரத்தின் உண்மையான வடிவம். முதல்முறை வரைந்து பார்ப்பவர்கள் தாங்கள் தப்பாக அளந்துவிட்டதாக நினைப்பார்கள். பக்கச் சுவர் சில இடங்களில் 3 மி.மீ.கூட வராது.

நான்காவது, பூட்டைப் பிடிக்கும் குறுக்குத் திருகாணி. மாதிரிக் கணக்கில் அதன் நீளம் தலை நீங்கலாக 36 மி.மீ., நுனியில் 5 மி.மீ. பூட்டுத் தகட்டின் மரைக்குள் போகிறது என்றால், மறுபக்கத் தலைக்கும் பூட்டுத் தகட்டின் உள்முகத்துக்கும் இடையே மரம் 31 மி.மீ. மறுபக்கம் உலோகத் தகடு ஒன்று இருந்ததற்கான தேய்மானம் தலைக்கடியில் தெரிந்தால் அதன் கனத்தையும் கழிக்க வேண்டும். திருகாணி நீளமாக இருக்கிறது என்று வெட்டிவிட்டால் இந்தச் சாட்சி போயே போச்சு.

அடிக்கட்டைக்கு மட்டும் இரும்பில் நேரடிச் சாட்சி இல்லை. அங்கே அருங்காட்சியகங்களின் முழுத் துப்பாக்கிகளைத்தான் நம்ப வேண்டும். மாஸ்கோவின் அரசு வரலாற்று அருங்காட்சியகம், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆகியவற்றின் காக்கசஸ் ஆயுதங்கள் நல்ல ஒப்பீடு. படத்திலிருந்து அளவெடுப்பவர் குழல் நீளத்தை அலகாக வைத்து விகிதம் போட வேண்டும். லென்ஸ் விளிம்பில் நீளம் பிதுங்கும் என்பதால் நேர்ப்பக்கப் படத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மரம்

வால்நட், அதாவது அக்ரூட், மரபானது; மேப்பிளும் உண்டு. காற்றில் பல ஆண்டு காய்ந்த பலகை, ஈரப்பதம் 8 முதல் 12 சதவீதம், அளவு குறைந்தது 135 × 15 × 5 செ.மீ. பூட்டுக்குப் பின்னால் கட்டை சரியும் இடத்தில் மரத்தின் ரேகை அந்தச் சரிவோடு ஓட வேண்டும். ரேகை அங்கே குறுக்கே வெட்டுப்பட்டால் எவ்வளவு அழகான பலகையானாலும் ஒதுக்கிவிடுங்கள். பழைய கட்டைகள் முறிந்ததும் இந்த இடத்தில்தான்.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் குழலுக்கான வாய்க்கால், பிறகு பூட்டு, பிறகு விசை, அதன்பிறகுதான் வெளிவடிவம். வெளியே அழகாகச் செதுக்கிவிட்டு உள்ளே குடையத் தொடங்கினால் பிடித்து நிறுத்த இடமிருக்காது. குழலின் அடிமுகங்களில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து மெல்லப் பூசி, வைத்து அழுத்தி எடுத்து, கரி பட்ட மேட்டை மட்டும் சீவ வேண்டும். ஐம்பது அறுபது முறை வைத்து எடுக்க வேண்டியிருக்கும். குழல் பழையதென்றால் கரிக்கும் இரும்புக்கும் நடுவே மெழுகுப் பூச்சு இருக்கட்டும். எண்பட்டைக் குழல் முன்நோக்கி மெலிந்து வந்து, வாய்முனையில் மட்டும் சற்றே விரியும். பின்னாலிருந்து முன்னால் ஒரே நேர்கோட்டில் வாய்க்கால் வெட்டினால் வாயருகே குழல் உட்காராது.

கெஜக்கோல் துளை தனித் தலைவலி. முன்பாதி திறந்த வாய்க்கால், பின்பாதி மரத்துக்குள் மூடிய துளை. நீளமான டிரில் மரத்தின் ரேகையைப் பின்பற்றி விலகும். பக்கச் சுவர் 3 மி.மீ. என்றால் 2 மி.மீ. விலகல்கூடக் கட்டையைக் கெடுத்துவிடும். ஆகவே துளையைக் குழல் வாய்க்காலுக்கும் முன்னதாகவே, பலகை தடிமனாக இருக்கும்போதே போட்டு, அதன் உண்மையான போக்கை வைத்தே மற்ற அளவுகளைத் தொடங்குபவர்களும் உண்டு. மெல்லிய கட்டைக்கு அதுவே புத்திசாலித்தனம்.

வெளிவடிவத்தை நான்கு பட்டமாக, எட்டுப் பட்டமாக, பிறகு உருண்டையாக இறக்குங்கள். பட்டை உட்காரும் இடங்களில் தாளில் வரைந்த வடிவத்தைத் தகரத்தில் வெட்டி அச்சாக வைத்துக்கொள்ள வேண்டும். கட்டையும் குழலும் முன்நோக்கி மெலிவதால் பட்டையை வாய்ப்பக்கத்திலிருந்து நுழைத்துப் பின்னால் தள்ள, அதன் இடத்தில் அது தானாக இறுகும். பழைய வெளிர்த்தடத்துக்கு 5 மி.மீ. முன்னாலேயே பட்டை நின்றுவிட்டால் மரத்தைக் கொஞ்சம் சீவலாம். தடத்தைத் தாண்டிப் பின்னால் போய்விட்டால் மரம் குறைந்துவிட்டது. உள்ளே தோல் துண்டு வைத்துச் சமாளிப்பது கண்காட்சிக்கு ஒத்துவரும், மனதுக்கு ஒத்துவராது.

நிறத்துக்கு ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாகப் பல வாரம் இடைவெளி விட்டுப் பூசினால் போதும். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயவிடுங்கள். மரத்தைக் கருக்க வினிகரில் இரும்பு ஊறிய நீரைப் பூசுவார்கள். வால்நட்டில் உள்ள துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து அது நன்றாகவே கருக்கும். ஆனால் அமில வாடை போகும் முன் குழலை உள்ளே வைத்தால் ஒரே மழைக்காலத்தில் வாய்க்கால் நெடுக ஆரஞ்சு நிறத் துரு. சோடா உப்பு நீரால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, வாய்க்காலின் உட்புறம் அரக்கு வார்னிஷ் அடித்து மூடிய பிறகே குழலை வையுங்கள்.

கைத்துப்பாக்கிகளிலும் சில நீளத் துப்பாக்கிகளிலும் மரத்தின் மேல் மெல்லிய கறுப்புத் தோல் இழுத்து ஒட்டப்பட்டிருக்கும். ஆட்டுத்தோலை 0.6 மி.மீ. வரை சீவி, நனைத்து இழுத்து, வச்சிரப் பசையால் ஒட்டி, மூட்டைக் கெஜக்கோல் ஓடும் அடிப்பக்கம் மறைத்துவிடலாம்.

மணி, முகப்பு, வெள்ளி

விசை மணிக்கும் அடிமுகப்புக்கும் பழையவர்கள் யானைத் தந்தம், வடதுருவக் கடல் விலங்கான வால்ரஸின் தந்தம், எலும்பு, கொம்பு எல்லாம் பயன்படுத்தினார்கள். கிடைத்த துண்டு எதுவென்று தெரிய குறுக்குவெட்டு முகத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். யானைத் தந்தத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டி வலைபோலத் தெரியும். எலும்பில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள். வால்ரஸில் நடுப்பகுதி பளிங்குத் துகள் கலந்ததுபோல் இருக்கும். சூட்டூசி குத்திப் பார்ப்பது பொருளைக் கெடுக்கும் சோதனை.

தந்தம் உள்ள துப்பாக்கியை நாடுவிட்டு நாடு கொண்டுபோவது தனிச் சட்டச் சிக்கல். ஆப்பிரிக்க யானை 1989இல், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. இந்தியாவில் 1991 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இறக்குமதியான ஆப்பிரிக்கத் தந்த வணிகமும் தடை. மறு உருவாக்கத்தில் தந்தத்துக்கு இடமே இல்லை. மாட்டுக் கால் எலும்பின் சுவர் மெல்லியது என்பதால் 14 மி.மீ. மணி அதில் வராது. எருமைக் கொம்பின் நுனிப்பாகம் உள்ளே பொள்ளலின்றிக் கெட்டியாக இருக்கும். கடைசலில் மணிக்கு அதைவிட நல்ல பொருள் இல்லை. வெள்ளை முகப்பு வேண்டுமென்றால் எலும்புத் துண்டுகளை ஆணி வைத்துச் சேர்க்கலாம். எலும்பைச் சோப்புநீரில் நன்றாக ஊறவைத்துக் கொழுப்பை எடுக்காவிட்டால் ஓராண்டில் மஞ்சள் எண்ணெய் கசிந்து மரத்தைக் கறைப்படுத்தும்.

வெள்ளிப் பட்டையின் கறுப்புக் கோலம் நியெல்லோ. வெள்ளி, செம்பு, ஈயம் மூன்றையும் கந்தகத்தோடு உருக்கிய கலவையைப் பொடித்து, செதுக்கிய பள்ளத்தில் நிரப்பிச் சூடுகாட்டி உருக்கித் தேய்த்தது. ஈயப் புகையும் கந்தகப் புகையும் வரும் என்பதால் வீட்டுச் சமையலறை வேலை அல்ல இது. பழைய பட்டையை வெள்ளி சுத்தம் செய்யும் திரவத்தில் முக்கவே கூடாது. அந்த அமிலம் நியெல்லோவையும் தின்றுவிடும். மென்சுண்ணப் பொடியை நீரில் குழைத்துப் பஞ்சால் மேலோட்டமாகத் துடைப்பதோடு நிறுத்துங்கள். குழலுக்கும் அதே நிதானம்: எண்ணெயும் மிக நைஸான இரும்புப் பஞ்சும், அதன்பின் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு. வெள்ளிக் கம்பி பதித்த இடத்தில் இரும்புப் பஞ்சும் ஆகாது. துரு நீக்கும் அமிலமும் மின்பகுப்புத் தொட்டியும் பதிப்பின் அடியில் புகுந்து அதைத் தூக்கிவிடும்.

மூன்றாவது பட்டையையோ பூட்டின் உறுப்பையோ மூலத்திலிருந்து அச்செடுத்து வார்ப்பவர்கள் சுருக்கத்தை மறந்துவிடுகிறார்கள். மெழுகு, உலோகம் இரண்டும் சுருங்கி, உருக்கு வார்ப்பு முடிவில் சுமார் 2 சதவீதம் சின்னதாக வரும். 130 மி.மீ. பூட்டுத் தகட்டில் அது 2.6 மி.மீ.; துளைகள் பழைய திருகாணிக்கு நேர்ப்படாது, நாக்கு குதிரையை விட்டு விலகி நிற்கும். சின்ன உறுப்புகளை வார்க்கலாம். தகட்டைப் பட்டை உருக்கில் அரத்தால் வெட்டுவதே சரி. வாங்கும்போது போலியைக் கண்டுபிடிக்கவும் இதே அறிவு உதவும்: வார்ப்பு மூட்டுக்கோடு, அசையாத நாக்கு, பற்றுவாய் இல்லாத குழாய், எண்ணெய்ச் சாயத்தால் நிரப்பிய ‘நியெல்லோ’ ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் அது சுற்றுலாக் கடைச் சரக்கு.

குழல் யாருக்கு, எதற்கு

பழைய குழலைச் சுடப் பயன்படுத்தக் கூடாது. நெடுக்காகவோ சுற்றாகவோ அடித்து ஒட்டிய மூட்டு உள்ளே எங்கே விட்டிருக்கிறது என்பது வெளியே தெரியாது, பின்மூடியின் மரை எவ்வளவு மிச்சம் என்பதும் தெரியாது. அதே காரணத்தால் சிலர் பழைய குழலைத் தனியே பாதுகாத்துவிட்டு, புதிய கட்டையில் ஒரு பொம்மைக் குழலை வைக்கிறார்கள்: கட்டி உருக்குத் தண்டை எட்டுப் பட்டமாக இழைத்து, வாயில் 5 செ.மீ. ஆழம் மட்டும் துளையிட்டு, பற்றுவாய் போடாமல் விட்டது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது குற்றம், நாட்டுத் துப்பாக்கிக்கும் இது பொருந்தும். அமெரிக்காவில் 1898 வரை செய்தவற்றுக்கும் கருமருந்து வகை மறு உருவாக்கங்களுக்கும் கூட்டாட்சிச் சட்டம் தனி விலக்குத் தருகிறது. எந்த நாட்டில் இருக்கிறோமோ அந்தச் சட்டத்தைப் பார்த்த பிறகே மரம் வாங்க வேண்டும்.

புதிய கட்டை பழையதென்று பின்னாளில் யாரும் ஏமாறாமலிருக்க, பூட்டுத் தகட்டின் அடியில் மரத்தில் ஆண்டை முத்திரை குத்திவிடுங்கள். வெளியே தெரியாது, கழற்றுபவருக்குத் தெரியும்.

கூட நிற்கும் சின்னப் பொருள்களையும் விட்டுவிட வேண்டாம். மேலங்கியின் மார்பில் இருபுறமும் வரிசையாகச் செருகிய குழாய்கள், ‘கஸிர்’ என்பவை, ஒவ்வொன்றும் ஒரு வேட்டுக்கு அளந்த மருந்தும் குண்டும் சுமந்தவை. ‘தயார்’ என்று பொருள்படும் ‘ஹாஸிர்’ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். மரத்தில் அல்லது எலும்பில் கடைந்து, வெள்ளி மூடி போட்டவை. அவற்றின் உள்விட்டத்தை அளந்தால் அவை இந்தக் குழலுக்கு உரியவையா, வெறும் அலங்காரமா என்பது தெரியும்: 14 மி.மீ. குழலின் குண்டு உள்ளே நுழையாத கஸிர் பிற்காலத்தது, அல்லது வேறொருவருடையது.

முடித்த துப்பாக்கியின் முதல் ஓராண்டுக்குப் பட்டைகளைக் கவனியுங்கள். சென்னையின் மழைக்கால ஈரத்தில் செய்து முடித்த கட்டை குளிரூட்டிய அறைக்குப் போனால் மரம் சுருங்கிப் பட்டைகள் முன்னால் நழுவும். உலர்ந்த ஊரில் செய்தது இங்கே வந்தால் இறுகி மெல்லிய சுவரில் கீறல் விழும். ஈரப்பதத்தை 45 முதல் 55 சதவீதத்துக்குள் வைத்து, ஒவ்வொரு பட்டைக்கும் வாய்முனையிலிருந்து உள்ள தூரத்தை மாதம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். 1 மி.மீ. நழுவினால் அறையைத் திருத்துங்கள், பட்டையை அடிக்காதீர்கள்.